மடிக்கணினி வாங்குவோர் கணக்கு
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

விழா மேடையில் மடிக்கணினியைப் பற்றிப் பேசுவது பொருந்துமா எனச் சிலர் ஐயுறலாம். ஆனால் கல்லூரி திறக்கும் காலம் வந்தால் நம் குடும்பங்கள் பலவற்றில் எழும் வினா இதுவே. கையிருப்போ சிறிது, குறைக்குக் கூட்டுறவுக் கடன் சங்கத்தை நாடித் திங்கள்தோறும் சம்பளத்தில் பிடித்தம் கொடுக்கின்றோம். நாம் பொறியியல் கற்றோர் அல்லோம். எனினும் ஒப்பந்தப்புள்ளிகளை வரி வரியாக ஒப்பிட்டுப் பழகிய கண் நமக்குண்டு. அக்கண்ணால் இதனையும் நோக்குவோம்.

முதற்கண் கேட்க வேண்டுவது, பிள்ளை என்ன படிக்கப் போகின்றது என்பதே. வணிகவியலுக்கும் கலைப் பாடங்களுக்கும் எளிய கருவி போதும். கணினிப் பொறியியலுக்குச் சற்று வலிவுள்ளது வேண்டும். முப்பரிமாண வரைபடம் போன்ற கனமான பணிக்கே தனிக் கிராபிக்ஸ் அட்டை தேவை. ஏனையோர் அதற்குப் பணம் இறைத்தல் வீண்.

உறுப்புகளை நம் தொழிலைக் கொண்டே விளக்குவோம். பிராசசர் என்பது எஞ்சின். ராம் என்னும் நினைவகம் நிலையத்துப் பிளாட்பாரங்கள். எஸ்.எஸ்.டி. சரக்குக் கிடங்கு. எஞ்சின் எத்துணை விரைவுடையதாயினும், பிளாட்பாரம் காலியில்லையேல் வண்டி அவுட்டர் சிக்னலிலேயே நிற்கும். ஆதலின் பணம் குறைந்தால் எஞ்சினில் ஒரு படி இறங்கலாம், பிளாட்பாரத்தைக் குறைத்தலாகாது. விண்டோஸ் 11க்குக் கீழெல்லை 4 ஜிபி என்பர். அது வண்டியில் ஏறுவதற்கான சீட்டேயன்றி அமர்வதற்கான இடமன்று. நமக்கு 8 ஜிபி கீழெல்லை, 16 நன்று. 8 வாங்குவோர், பின்னர்ச் சேர்க்க இடமுண்டா எனக் கேட்டறிக. மெல்லிய கருவிகள் பலவற்றில் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும், கூட்டவியலாது. கிடங்கு 512 ஜிபி எஸ்.எஸ்.டி. ஆயின் நலம். திரை 1920க்கு 1080 புள்ளிகளிற் குறையாதிருத்தல் கண்ணுக்கு நன்று.

பெயரை மட்டும் கண்டு மயங்கற்க. ரைசன் 5 7520யு என்பது 4 கோர்களும் பழைய ஜென் 2 அமைப்பும் கொண்டது. ரைசன் 5 7530யு என்பதோ 6 கோர்களும் ஜென் 3 அமைப்பும் உடையது. எண்ணில் ஓர் இலக்கமே வேறுபாடு. எக்ஸ்பிரஸ் எனப் பெயர் பூண்ட வண்டியெல்லாம் ஒரே விரைவில் ஓடுவதில்லையன்றோ? முழு எண்ணையும் தாளில் எழுதிவந்து வீட்டில் ஒப்பிடுக.

பழைய கருவி வாங்குவோர் ஒன்று கருதுக. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 ஏலாத கருவியாயின் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் அமைப்பை நிறுவிக்கொள்ளலாம். லிப்ரே ஆபீஸும் இலவசமே. சொன்ன விலை 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்ததா, பழுது பார்க்கும் நிலையம் நம் ஊரில் உண்டா என்பனவும் கேட்கத்தக்கன.

நிறைவாக ஒன்று. பொறியியற் படிப்பு 4 ஆண்டு. அதற்கு முன்னரே கருவி ஓயுமாயின், கடன்மேல் கடன் நம் தலையில் ஏறும். அந்நெருக்கடியில், "மகனுக்குக் கணினி, மகளுக்குக் கைப்பேசி போதும்" என்னும் கணக்குச் சில வீடுகளில் எழக் காண்கின்றோம். ஆடம்பரத்தைக் குறைத்து இரு பிள்ளைகட்கும் எளிய கருவி வாங்குதலே நேர்மையான கணக்கு. அக்கணக்கை நம் சங்கத்தார் போடுவாராக எனக் கூறி அமைகின்றோம்.