பேசாமையின் பொருள்



ஜொகூர் ஆற்றின் கழிமுகத்தில் ஓதம் ஏறும்போது கடலுப்பும் உடன் ஏறுகிறது. அதைக் கீழே தள்ளுவதற்காக லிங்கியூ நீர்த்தேக்கத்திலிருந்து நன்னீர் திறந்துவிடப்படுகிறது. குறைத்துத் திறந்தால் குடிநீர் எடுக்குமிடத்தை உப்பு எட்டும். மிகுத்துத் திறந்தால் தேக்கம் வற்றும். 1962ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி சிங்கப்பூர் நாளொன்றுக்கு 25 கோடி கேலன் வரை எடுக்கும் ஆறு இது. 2016 அக்டோபரில் அத்தேக்கம் கொள்ளளவில் 20 விழுக்காட்டுக்குத் தாழ்ந்தது.

உப்பை அளக்கும் கருவி கீழே, மதகு மேலே, இடையே வானலைச் செய்தி என்று வைத்துக்கொள்வோம். (லிங்கியூ இவ்வாறே இயங்குகிறது என்பதன்று, ஆற்றை எடுத்துக்காட்டாகவே கொள்கிறோம்.) கருவி எத்தனை முறை பேச வேண்டும்? ஒவ்வொரு செய்திக்கும் மின்கலம் தேய்கிறது. பல கருவிகள் பேசினால் அலைவரிசை நெரிசலாகிறது. கடிகாரப்படி பேசுவது பழைய முறை. அளவு வரம்பைக் கடந்தால் மட்டும் பேசுவது மற்றொரு முறை. சுவீடன் நாட்டு அறிஞர் ஓஸ்ட்ரம், பெர்ன்ஹார்ட்சன் இருவரும் 1999இல் இவ்விரண்டையும் ஒப்பிட்டனர். மிக எளிய ஓர் அமைப்பில், சராசரியாக அதே எண்ணிக்கைச் செய்திகளைக் கொண்டே, வரம்புமுறை விலக்க வர்க்கச் சராசரியை மூன்றில் ஒன்றாக்கியது. நீர் வந்துசேரக் காலம் பிடிக்கும் ஆற்றில் அதே கணக்கை எதிர்பார்த்தல் கூடாது.

நம்மை ஈர்த்தது அக்கணக்கைவிட, இம்முறையில் பேசாமைக்கும் பொருள் உண்டு என்பதே. எழுவாய்க்கு உருபு இல்லை. ஏனைய வேற்றுமை உருபுகளை அறிந்தவர்க்கு அவ்வின்மையே அடையாளம். அதுபோல், வரம்பு இன்னதென இருமுனையும் அறிந்திருந்தால், செய்தி வாராமையே 'உப்பு ஏறவில்லை' என்னும் செய்தி.

ஆனால் 'பால் குடித்தான்' என்பதிலும் உருபு இல்லை. அங்குப் பால் எழுவாயன்று; இரண்டாம் வேற்றுமை உருபு தொக்கு நிற்கிறது. இதை வினை காட்டிக்கொடுக்கிறது. பழுதான கருவியின் மௌனத்தைக் காட்டிக்கொடுக்க எவ்வினையும் இல்லை. மதகுக்கு இரண்டும் ஒன்றே, உப்போ ஏறிக்கொண்டிருக்கும். எனவேதான் பொறியாளர், நெடிய இடைவெளிவிட்டு 'இருக்கிறேன்' என்று மட்டும் சொல்லும் ஒரு சிறு செய்தியைச் சேர்க்கின்றனர். சிக்கனத்தில் சிறிது விட்டுக்கொடுத்தலே அது.

இம்முறைக்கு 'நிகழ்வு தூண்டு கட்டுப்பாடு' என்னும் சொல் சொல்லுக்குச் சொல் பெயர்த்தது. 'வரம்புவழிக் கட்டுப்பாடு' என்பதையே நாம் முன்மொழிகிறோம். மறுப்பு இருப்பின் அவையில் எழுப்புக. இங்கு மட்டும் மௌனத்தை இசைவாகக் கொள்ளமாட்டோம்.