பிள்ளைகளின் தாள்களைக் காப்போம்



சங்கத்தின் செல்வம் யாதென வினவினால் பள்ளிக் கட்டடத்தையும் நூலகத்தையும் சுட்டுவோம். அலுவலக அலமாரியை நாம் சுட்டுவதில்லை. ஆனால் ஒவ்வொரு பிள்ளையின் சாதிச் சான்றிதழும், வருமானச் சான்றிதழும், ஆதார் எண்ணும், வங்கிக் கணக்கு எண்ணும் அங்கேதான் உள்ளன. கல்வி உதவித்தொகைக்காகப் பெற்றோர் நம்மை நம்பி ஒப்படைத்தவை அவை.

சாதிச் சான்றிதழ் உரிமையைக் கேட்டுப் பெறும் கருவி. அதில் நாணத்திற்கு இடமில்லை. ஆயினும் அதனை எவரிடம் காட்டுவது என்று முடிவு செய்ய வேண்டியவர் அதற்குரியவரே. 1917-ஆம் ஆண்டு பரோடாவில் பணியேற்கச் சென்ற அண்ணல் அம்பேத்கர் பார்சி விடுதி ஒன்றில் தங்கினார். அவர் இன்னார் என்பது தெரிந்ததும் தடியேந்திய கூட்டம் வந்து அவரை வெளியேற்றியது. கொலம்பியாவில் கற்ற கல்வியும் அன்று அவருக்குக் காவலாகவில்லை. ஒரு செய்தி தீயோர் கையில் சேர்ந்தால் என்ன நேரும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இன்று தீங்கு வேறு வழியிலும் வருகிறது. பிள்ளையின் பெயரும் கணக்கு எண்ணும் அறிந்த ஏமாற்றுக்காரன், உதவித்தொகை அலுவலர் போலத் தொலைபேசியில் பேசினால், தாய் அவனை நம்பிவிடுவாள், ஓ.டி.பி. எண்ணையும் சொல்லிவிடுவாள்.

ஆகவே நாம் சில நெறிகளைக் கைக்கொள்ள வேண்டும். சாதியும் கணக்கு எண்ணும் கொண்ட பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டலாகாது. வாட்ஸ்அப் குழுவிலும் இடலாகாது. கடைசி 4 இலக்கங்கள் மட்டும் தெரியும் ஆதார் படி போதுமான இடத்தில் முழு எண்ணைக் கேட்கலாகாது. கடவுச்சொல்லைச் சுவரில் எழுதி வைத்தல் கூடாது. பணியாளர் ஒருவர் விலகினால் அன்றே அதனை மாற்ற வேண்டும். வெளிக் கணினி மையத்தில் விண்ணப்பம் பதிந்தால், அங்குள்ள படிகளை அழித்துவிட்டே எழ வேண்டும். பழைய நகல்களை எடைக்குப் போடாமல் கிழித்து எரிக்க வேண்டும். இன்றேல் அவை கடலைப் பொட்டலமாய் ஊரைச் சுற்றும். எவரேனும் பணத்தை இழந்தால் காலம் தாழ்த்தாது 1930 என்னும் எண்ணிற்குத் தெரிவிக்க உதவ வேண்டும்.

தன்மறைவு அடிப்படை உரிமையே என 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்சநீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். கணினியில் சேர்த்த தனியார் விவரங்களைத் தக்கவாறு காக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க 2023-ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்துள்ளது.

தண்டத்திற்கு அஞ்சி மட்டும் நாம் காக்க வேண்டுவதில்லை. கையொப்பமிட அறியாத பெற்றோர் கைநாட்டு வைத்துத் தந்த தாள்களும் இவற்றுள் உள்ளன. அவர்கள் எதற்காகத் தந்தனரோ, அதற்கு மட்டுமே அவை பயன்படுமாறு பார்த்துக்கொள்வது நம் கடன்.