ஒளிவு மறைவற்ற நிரல்கள்

கணித வகுப்பில் சார்பு என்பதனைப் பயிலாத மாணவர் இலர். ஓர் எண்ணை இரட்டித்து அதனோடு 3 ஐக் கூட்டுக என்பது ஒரு சார்பு. அதனிடம் 5 ஐக் கொடுத்தால் 13 வரும். காலையில் கொடுத்தாலும் மாலையில் கொடுத்தாலும் 13 தான். எந்த ஊரில் எவர் கொடுத்தாலும் 13 தான். கொடுத்ததைத் தவிர வேறெதையும் அது நோக்குவதில்லை. விடை தருவதைத் தவிர வேறெதையும் அது செய்வதில்லை. இந்த எளிய நேர்மையையே அடிப்படையாகக் கொண்டு கணிப்பொறிக்கு நிரல் எழுதும் முறையைச் சார்பு முறை நிரலாக்கம் என்பர். அதனால் விளையும் நன்மைகளுள் இரண்டினை இன்று எடுத்துரைக்க விழைகின்றேன். நிரல்கள் தம்முள் செய்தி பரிமாறிக்கொள்வது ஒன்று. ஓரிடத்தில் எழுதிய நிரலைப் பல்வகைக் கணிப்பொறிகளிலும் இயங்குமாறு கட்டமைப்பது மற்றொன்று.

இயங்கிக்கொண்டிருக்கும் நிரல் ஒவ்வொன்றையும் ஒரு ‘பணி’ என்று வைத்துக்கொள்வோம். ஒரே கணிப்பொறியில் பல பணிகள் ஒருசேர நடைபெறும். அவை செய்தி பரிமாறிக்கொள்ள ஒரு வழி, நினைவகத்தின் ஒரு பகுதியைப் பொதுவில் வைத்து, யாவரும் அதில் எழுதலாம், அழிக்கலாம் என்று விட்டுவிடுவது. ஒரே பேரேட்டில் இரண்டு கணக்கப்பிள்ளைகள் ஒரே நேரத்தில் எழுதுவதற்கு இது ஒப்பாகும். ஒருவர் கூட்டி முடிக்குமுன் மற்றவர் ஓர் எண்ணைத் திருத்திவிட்டால் கூட்டுத்தொகை பிழைபடும். பிழை எவருடையது என்பதும் புலப்படாது.

இது ஏட்டளவில் நிற்கும் பிழையன்று. தெராக்-25 என்னும் கதிர்வீச்சு மருத்துவக் கருவி, 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் 6 நோயாளிகளுக்கு அளவுக்கு மிஞ்சிய கதிர்வீச்சைச் செலுத்தியது. அவருள் சிலர் மாண்டனர். ஆராய்ந்தபோது வெளிப்பட்ட காரணங்களுள் ஒன்று, அதன் நிரலில் பல பணிகள் பொது நினைவகத்தைத் தக்க காவலின்றிப் பகிர்ந்துகொண்டமையே. கருவியை இயக்குபவர் விரைந்து செய்த திருத்தத்தை ஒரு பணி அறிந்தது, மற்றொன்று அறியவில்லை.

மற்றொரு வழி, கடிதம் எழுதிக்கொள்வது. சுவீடன் நாட்டு எரிக்சன் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ஜோ ஆம்ஸ்ட்ராங், ராபர்ட் விர்டிங், மைக் வில்லியம்ஸ் ஆகியோர் 1986 ஆம் ஆண்டு முதல் உருவாக்கிய எர்லாங் என்னும் சார்பு மொழி இவ்வழியைத் தழுவியது. அவர்கள் கருத்தில் கொண்டது தொலைபேசி நிலையம். ஓர் உரையாடல் பழுதுற்றால் மற்றவை அறுபடலாகாது அன்றோ? எனவே எர்லாங்கில் பணி ஒவ்வொன்றுக்கும் தனி நினைவகமும் தனி அஞ்சற்பெட்டியும் உண்டு. ஒன்றன் நினைவகத்தில் மற்றொன்று கை வைக்க இயலாது; செய்தி மட்டுமே செல்லும். ஒரு பணி வீழ்ந்தால், அதனைக் கண்காணிக்கும் பணிக்கு அறிவிப்பு வரும். அது வீழ்ந்ததைப் புதிதாகத் தொடங்கி வைக்கும்.

கடிதம் வேறொரு கணிப்பொறிக்குச் செல்லும்போது புதியதொரு சிக்கல் எழுகின்றது. ஓர் எண்ணை நான்கு பைட்டுகளில் எழுதும்போது சில கணிப்பொறிகள் பெருமதிப்புள்ள பைட்டை முதலில் வைக்கும். சில சிறுமதிப்புள்ளதை முதலில் வைக்கும். இதில் உடன்பாடு இல்லையேல், ஒன்று 1 என எழுதியதை மற்றது 1,67,77,216 எனப் படிக்கும்! ஆதலின் எர்லாங், எந்தக் கணிப்பொறியையும் சாராத ஒரு பொது வடிவில் செய்திகளை அனுப்புகின்றது.

இனி, கட்டமைத்தலைக் காண்போம். மனிதர் எழுதிய நிரலை, கம்பைலர் என்னும் மொழிமாற்றி நிரல், கணிப்பொறியின் கட்டளைகளாக மாற்றுகின்றது. “என் கணிப்பொறியில் ஓடிற்றே, உங்களுடையதில் ஏன் ஓடவில்லை?” என்னும் வினா நிரலாளரிடையே நாள்தோறும் எழுவது. எங்கோ நிறுவப்பட்டிருந்த ஒரு துணை நிரலை, எவரும் சொல்லாமலே அது பயன்படுத்திக்கொண்டிருக்கும். பொதுப் பேரேட்டின் கேடே இங்கும் வேறு வேடத்தில் வருகின்றது.

நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஈல்கோ டோல்ஸ்ட்ரா 2006 இல் அளித்த முனைவர் பட்ட ஆய்வேடு, கட்டமைத்தலையும் ஒரு சார்பாகவே கொள்ளலாம் என்று காட்டியது. அவர் உருவாக்கிய நிக்ஸ் என்னும் கருவியில் மூல நிரல், கம்பைலர், துணை நிரல்கள், எவ்வகைக் கணிப்பொறிக்கு என்பது ஆகிய அனைத்தையும் வெளிப்படையாகக் கூறவேண்டும். அவற்றினின்று கணக்கிட்ட ஓர் அடையாளக் குறி, விளைபொருளை வைக்கும் இடத்தின் பெயரிலேயே அமையும். உள்ளீடுகளுள் ஒன்று மாறினும் குறி மாறும். பழையதும் புதியதும் ஒன்றையொன்று அழிக்காமல் அருகருகே இருக்கும்.

இதனால் எல்லாம் முடிந்துவிடவில்லை. கட்டமைக்கும் நேரத்தைத் தன்னுள் பொறித்துக்கொள்ளும் நிரல், கடிகாரத்தைச் சொல்லாத உள்ளீடாக ஆக்கிக்கொள்கின்றது. நாளைக்குக் கட்டினால் வேறொரு விளைபொருள் கிட்டும். அத்தகைய மறைவான உள்ளீடுகளைத் தேடிக் களைவது இன்றும் நடந்துவரும் பணியாகும்.

மாணவ நண்பர்களே, நீங்கள் ஒரு நிரல் எழுதும்போது இந்த இரு வினாக்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இது எவற்றை நம்பி நிற்கின்றது? அவற்றை நான் வெளிப்படையாகக் கூறியிருக்கின்றேனா? கூறியிருந்தால், நீங்கள் காணாத ஊரில், நீங்கள் அறியாத கணிப்பொறியிலும், 5 க்கு 13 என்றே விடை வரும் என்று நம்பலாம்.