முதல் கேமுக்கு எட்டுப் படம் போதும்

முதல் கேம் பண்றவங்க நிறைய பேர் மாட்டிக்கிற ஒரு இடத்தைப் பத்தி இன்னிக்குப் பேசலாம். ஹீரோவை எப்படி நடக்க வைக்கிறது?

ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, ஃப்ரேம் ஃப்ரேமா வரையறது. ஸ்கூல் நோட்டு ஓரத்துல படம் வரைஞ்சு சர்ருனு புரட்டுவோமே, அதேதான். இன்னொண்ணு, எலும்பு அனிமேஷன். தோல்பாவை மாதிரி கை, கால், தலையைத் தனித்தனியா வெட்டி, மூட்டுல இணைச்சு அசைக்கிறது.

எலும்புக்கு ஒரு பெரிய வசதி உண்டு. ஹீரோவுக்கு வாள் கொடுக்கணும்னா கை எலும்புல மாட்டிவிட்டாப் போதும். ஃப்ரேம்னா ஒவ்வொரு படத்துலயும் வாளை வரையணும். ஆனா முதல் கேம்ல மூட்டை சரிபண்ணவே ரெண்டு வீக்கெண்ட் போயிடும். ஹீரோ இன்னும் ஒரு அடிகூட நடந்திருக்க மாட்டார்.

அதனால என் ஓட்டு ஃப்ரேமுக்கு. அதுவும் கம்மியா. 1985-ல வந்த 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்'ல மரியோ நடக்க மூணு படம், குதிக்க ஒரே ஒரு படம். குதிக்கிற அந்த ஃபீல் முழுக்க வேகமும் ஈர்ப்பு விசையும் கொடுக்கிறது, அதாவது கோடு. பக்கவாட்டு கேம்னா நிக்க 2, நடக்க 4, குதிக்க 1, அடி வாங்க 1. மொத்தம் எட்டு. இடது பக்கத்துக்குத் தனியா வரையாதீங்க, படத்தைத் திருப்பிப் போடுங்க.

'இல்ல ப்ரோ, ஸ்மூத்தா இருக்கணும்'னு சொல்றவங்களுக்கு 1989-ல வந்த 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா'. ஜோர்டன் மெக்னர் தன் தம்பி ஓடுறதையும் குதிக்கிறதையும் வீடியோ எடுத்து, அதைப் பார்த்து வரைஞ்சார். அவ்வளவு அழகு. ஆனா இளவரசன் ஆரம்பிச்ச அசைவை முடிச்சிட்டுத்தான் உங்க பேச்சைக் கேட்பான். மொத்த கேமும் அந்தத் தாமதத்தை நம்பித்தான் கட்டியிருக்கு.

உங்க கேம் அப்படி இல்லேன்னா சிக்கல்தான். விநாடிக்கு 12 ஃப்ரேம் ஓடுதுன்னு வைங்க. குதிக்கிறதுக்கு முன்னாடி முட்டியை மடக்குறதுக்கு மூணு படம் வச்சா, பட்டன் அழுத்தி கால் விநாடி கழிச்சுத்தான் ஹீரோ எழும்புவார். ஆடுறவங்க அனிமேஷனைப் பாராட்ட மாட்டாங்க, "லேக் ஆகுது"ன்னுதான் சொல்லுவாங்க. அழுத்தின உடனே எழும்பட்டும். முட்டி மடக்குறதைத் தரையில இறங்கும்போது காட்டுங்க, அங்க யாருக்கும் அவசரம் இல்ல.

எலும்பு எப்போ? எட்டுக்கால் பாஸ், மாத்திப் போடுற உடைகள்னு வரும்போது. அது ரெண்டாவது கேமுக்கு இருக்கட்டும்.

இந்த வாரம் படமே வேணாம். ஒரு சதுரப் பெட்டியை வச்சு ஓட விடுங்க, குதிக்க விடுங்க. பெட்டி குதிக்கிறதே ஜாலியா இருந்துச்சுன்னா, அப்புறம் அந்த எட்டுப் படத்தை வரையலாம்.