இரங்கூனில் விடைபெற்ற தொண்டர்கள்

(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



வழியனுப்புதல் தூத்துக்குடிக்குப் புதிதன்று. 1906-இல் வ.உ. சிதம்பரனார் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியது, இங்கிருந்து கொழும்புக்குச் செல்லும் கடல்வழிக்காகவே. அதே வழியில், நிலமும் இன்றி, நிலையான கூலியும் இன்றி, இழிவை மட்டும் சுமந்திருந்த நம் முன்னோர் பலர் இலங்கைத் தோட்டங்களுக்குக் கப்பலேறினர். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியோர் மலாயா ரப்பர் தோட்டங்களை அடைந்தனர். அவர்கள் ஊரைவிட்டுப் புறப்பட்ட கதையைப் பலமுறை கேட்டிருக்கிறோம். அவர்தம் பிள்ளைகள் ஓர் அயல்நாட்டு நகரில் தொண்டாற்றி, அந்நகரிடம் எவ்வாறு விடைபெற்றனர் என்பதை இன்று எடுத்துரைக்க விரும்புகிறோம்.

1943 ஜூலையில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூரில் பெண்கள் படை அமைக்க அழைப்பு விடுத்தார். அக்டோபரில் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் தொடங்கிற்று. தலைமை ஏற்றவர் மருத்துவர் லட்சுமி சுவாமிநாதன். சேர்ந்தவருள் பெரும்பாலோர் மலாயாத் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள். ரப்பர் மரத்தில் பால் வெட்டிய கைகள் துப்பாக்கி ஏந்தின. பின்னர்ப் பர்மாவில் காயமுற்றோருக்கு மருந்திட்டன. எழுத்தறியாதோர் முகாமில் எழுத்தறிந்தனர். இந்திய தேசிய இராணுவத்தில் சாதிக்கொரு சமையல் இல்லை. ஒரே அடுப்பு, ஒரே பந்தி. ஊரில் தனிக்குவளையைக் கண்ட குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இது எத்தகைய மாறுதல் என்பதை நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

1944-இல் இம்பால் போர் தோல்வியில் முடிந்தது. 1945 ஏப்ரலில் ஜப்பானியர் இரங்கூனை விட்டு விலகத் தொடங்கினர். பெண்களைப் பாதுகாப்பாக அனுப்பாமல் தாம் புறப்படுவதில்லை என்று நேதாஜி உறுதியாக நின்றார். ஏப்ரல் 24 இரவு அவர்களுடன் புறப்பட்டார். விமானத் தாக்குதலுக்கு அஞ்சி இரவில் மட்டும் பயணம்; வண்டிகள் கைவிட்ட இடங்களில் நடை. பாங்காக் அடைய ஏறத்தாழ மூன்று வாரங்கள் ஆயின. அதற்கு முன்னர் ரயிலில் சென்ற பிரிவின்மீது நடந்த தாக்குதலில் ஸ்டெல்லா, ஜோசபின் என்னும் இருவர் உயிர் நீத்தனர். நம் கடற்கரை ஊர்களில் வீட்டுக்கு வீடு ஒலிக்கும் பெயர்கள் அவை. ஆயினும் அவர்களை நம் பிள்ளைகள் அறியார்.

புறப்பட்டவர் கதை இது. தங்கியவர் கதை இன்னும் பெரிது. 1942-இல் பிரிட்டிஷார் இரங்கூனைக் கைவிட்டபோது நகரில் கொள்ளையும் தீவைப்பும் மூண்டன. இலட்சக்கணக்கான இந்தியர் காடும் மலையும் கடந்து நடந்தனர். பலர் வழியிலேயே மாண்டனர். அந்நிலை மீளாதிருக்க, மேஜர் ஜெனரல் லோகநாதன் தலைமையில் 5,000 முதல் 6,000 வீரர் வரை நகரிலேயே நிறுத்தப்பட்டனர். பிடிபடுவோம் என்பதை அறிந்தே அவர்கள் தங்கினர். ஜப்பானியர் சென்றபின், மே 3-இல் பிரிட்டிஷ் படை வந்து சேரும்வரை, நகரையும் அங்கிருந்த இந்தியக் குடும்பங்களையும் காத்தனர். ஒழுங்காக ஒப்படைத்தபின் சிறை புகுந்தனர். போரின் அரசியல் பற்றி மாறுபட்ட கருத்துகள் இருக்கலாம். இவ்வாறு விடைபெற்ற பண்பைக் குறைகூற எவராலும் இயலாது.

அவர்களின் தொண்டு அங்கேயே முடிந்துவிடவுமில்லை. இரங்கூனில் பணியாற்றிய ஜானகி தேவர் மலாயா திரும்பி, 1946-இல் மலாயா இந்தியக் காங்கிரஸ் தோன்றியபோது அதன் நிறுவனர்களுள் ஒருவரானார். லட்சுமி கான்பூரில் ஏழைகளுக்கு மருத்துவம் செய்தார். 1971-இல் வங்கதேச அகதிகளிடையேயும் பணியாற்றினார். சீருடையைக் களைந்தனர், தொண்டைக் களையவில்லை.

இளைஞர்களே! நீங்களும் ஒருநாள் விடைபெறுவீர்கள். வேலை ஆணை வரும்; வளைகுடாவோ சிங்கப்பூரோ அழைக்கும். செல்லுங்கள். உங்களைத் தடுப்பது நம் நோக்கமன்று. அதற்காகவே உங்களைப் படிக்க வைத்தோம். ஆனால், மாலை வகுப்பில் கற்பிப்பவர் சொல்லாமல் நின்றுவிட்டால் என்ன நேர்கிறது? ஏறத்தாழ முப்பதாண்டுகள் பள்ளிகளில் நாம் கண்டது இதுதான்: ஆசிரியர் வராத நாளில் முதலில் படிப்பை விடும் பிள்ளை, வீட்டில் படித்தவர் எவருமில்லாத பிள்ளையே. வசதியுள்ளவன் வேறோர் ஆசிரியரைத் தேடிக்கொள்வான். நம் பிள்ளை மீன்கூடை தூக்கவோ, உப்பளத்திற்கோ போய்விடுவான்.

1961-இல் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்த கரை இது. மூழ்குபவரின் உயிர், படகில் கயிறு பிடித்திருப்பவர் கையில் இருந்தது. வேறொரு கை பற்றாமல் அக்கயிற்றை அவர் விடமாட்டார்.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள். புறப்படுமுன், எந்தப் பிள்ளை எந்தப் பாடத்தில் நிற்கிறது என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். உங்கள் இடத்திற்கு ஒருவரை அழைத்து வந்து, இரண்டு வாரமேனும் அவரோடு சேர்ந்து கற்பியுங்கள். விடுமுறையில் ஊர் வரும்போது, ஒரு மாலையை அவ்வகுப்புக்குத் தாருங்கள். இம்மூன்றும் நடந்தால் சங்கம் பொன்விழாவையும் காணும்.

கயிற்றை வெறுமனே விட்டுவிட்டுப் போகாதீர்கள்.