வீட்டிலிருந்து வேலை

2020ஆம் ஆண்டு மார்ச்சில் கொள்ளைநோயினால் நாடெங்கும் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டபோது, எமது கந்தோர் வேலையும் வீட்டுக்கு வந்தது. மேசை, கணினி, நேர ஒழுங்கு யாவும் அமைத்தோம். குறைவேதுமில்லை என்றே எண்ணினேன். ஆயின், புதிதாகச் சேர்ந்த ஓர் இளைஞர் ஒரு வாரமாகக் கணக்கொன்றைப் பிழையாக எழுதிவந்தார். கந்தோரில் என்றால் பக்கத்து மேசையில் கேட்டிருப்பார். தொலைபேசியில் அழைக்கக் கூசினார். பிழை அவருடையதன்று, ஒருநாளேனும் அவரை அழைத்து விசாரியாத என்னுடையதே.

அன்று தொடக்கம் காலையில் பத்து நிமிடம் அனைவரும் தொலைபேசியில் கூடினோம். முதலில் சுகவிசாரணை, பின்பு ஐயங்கள், ஈற்றில் அன்றைய வேலை. மாலையில் குறித்த நேரத்திற் கணினியை மூடினோம். 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டின்போதும் இவ்வழக்கமே கைகொடுத்தது.

ஆதலின் இளைஞர்களே, கேட்கக் கூசாதீர்கள். மூத்தோரே, அவர்கள் கேட்கும்வரை காத்திராதீர்கள்.