வீடு கைமாறும்போது



ஒரு வீட்டுக்கு இருவர் உரியவராயிருப்பதுண்டு. உறுதியில் பெயருள்ளவர் ஒருவர். அதனுள் அடுப்பேற்றி வாழ்பவர் மற்றொருவர். வாடகை மாதந்தவறாமல் கைமாறும் காலம்வரை இவ்விருவருக்குமிடையில் வேற்றுமை தோன்றுவதில்லை. வீட்டை விற்க வேண்டுமென்று சொந்தக்காரர் தீர்மானிக்கும் நாளிலேதான் ஒருவருக்குச் சொத்தாயிருப்பது மற்றவருக்கு வாழ்வாயிருக்கிறது என்னும் உண்மை இருவருக்கும் புலனாகின்றது. அந்த நாளில் சட்டம் யாருக்கு என்ன சொல்கிறது, சட்டம் சொல்லாமல் விட்ட இடத்தில் மனிதர் என்ன செய்யவேண்டும் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே, கிண்ணியாவை அடுத்துக் களப்போரமாக அமைந்துள்ள ஊர் குறிஞ்சாக்கேணி. மீன்பிடியும் வயலும் சிறுவியாபாரமும் மக்களின் தொழில்கள். இத்தகைய ஊரில் வீடு வாடகைக்கு விடப்படுவதற்கும் பின்னர் விற்கப்படுவதற்கும் காரணம் பெரும்பாலும் ஒன்றே. கிழக்குக் கரையோரத்தில் முஸ்லிம்களிடையேயும் தமிழர்களிடையேயும் பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்து மணம் முடிப்பது நெடுநாள் வழக்கம். மகள் சிறுமியாயிருக்கும்போதே தகப்பனார் கல்லும் மணலும் சேர்க்கத் தொடங்கிவிடுகிறார். கட்டி முடிந்த வீட்டைப் பூட்டி வைத்தால் அது பழுதடையும்; வாடகைக்கு விட்டால் நாலு காசு கிடைக்கும். ஆதலின் மகள் வளரும்வரை வேறொரு குடும்பம் அதில் வாழ்கின்றது.

வெளியூரிலிருந்து இடமாற்றம் பெற்று வந்த ஆசிரியர் ஒருவர் அத்தகைய வீடொன்றில் ஆறு ஆண்டுகளாகக் குடியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கிணற்றடியில் அவர் மனைவி நட்ட முருங்கை காய்க்கத் தொடங்கிவிட்டது. பிள்ளைகள் இருவரும் நடந்து செல்லும் தூரத்திலுள்ள பாடசாலையில் படிக்கின்றனர். ஒரு நாள் மாலை வீட்டுக்காரர் வருகிறார். தேநீர் அருந்துகிறார். பிறகு தயங்கித் தயங்கி, "சேர், மூத்தவளின் காரியம் கூடி வந்துவிட்டது. நாங்கள் இருக்கிற வீட்டை அவளுக்குக் கொடுத்துவிட்டு, இளையவளுக்கு ஒன்று கட்ட வேண்டும். இந்த வீட்டை விற்கத்தான் வேண்டியிருக்கிறது" என்கிறார்.

இதில் குற்றவாளி எவருமில்லை. தகப்பனாரின் தேவை உண்மையானது. ஆசிரியரின் கலக்கமும் உண்மையானது. எனினும், இத்தகைய சந்தர்ப்பங்களில் இரு தரப்பிலும் ஒவ்வொரு தவறான நம்பிக்கை தலைதூக்குவதைக் காணலாம். வீட்டை விற்றுவிட்டால் குடியிருப்பவரின் உரிமையும் அன்றே முடிந்துவிடும் என்று சொந்தக்காரர் எண்ணுகிறார். இத்தனை ஆண்டு இருந்துவிட்டோம், இனி எம்மை எவரும் அசைக்கமுடியாது என்று குடியிருப்பவர் எண்ணுகிறார். இரண்டும் பிழை.

முதலாவது நம்பிக்கையை எடுத்துக்கொள்வோம். திருகோணமலைக் கோட்டையை ஆண்ட ஒல்லாந்தர் 1795 ஆம் ஆண்டில் அதனை ஆங்கிலேயரிடம் இழந்தனர். ஆட்சி மாறியபோதும் அவர்களுடைய சட்டம் மறையவில்லை. நடைமுறையிலிருந்த சட்டங்களைத் தொடர்வதாக ஆங்கிலேயர் 1799 ஆம் ஆண்டில் பிரகடனம் செய்தனர். அவ்வாறு எஞ்சிய உரோம ஒல்லாந்தச் சட்டத்தில் ஒரு பழைய விதியுண்டு. குத்தகை விற்பனைக்கு முந்தியது என்பது அதன் பொருள். அதாவது, வாடகைக்கு விடப்பட்ட வீட்டை ஒருவர் வாங்கினால், வாடகை ஒப்பந்தத்தோடு சேர்த்தே அதனை வாங்குகிறார். பழைய சொந்தக்காரர் நின்ற இடத்தில் புதியவர் நிற்கிறார். பழையவர் கொடுக்கவேண்டிய அறிவித்தலைக் கொடாமல் புதியவரும் குடியிருப்பவரை எழுப்ப முடியாது.

இனி இரண்டாவது நம்பிக்கை. ஒப்பந்தத்தோடு வாங்குகிறார் என்றால், அந்த ஒப்பந்தம் எத்தகையது என்ற கேள்வி உடனே எழும். இங்கேதான் வாய்ப்பேச்சை நம்பியவர்கள் இடர்ப்படுகின்றனர். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதி ஒப்பமிடப்பட வேண்டும். "பிள்ளைகள் படித்து முடியும்வரை இருங்கள்" என்று சொந்தக்காரர் மனமொப்பிச் சொல்லியிருக்கலாம். அந்தச் சொல்லுக்கு ஊரில் மதிப்புண்டு. நீதிமன்றத்தில் அது நீண்டகாலக் குத்தகையாகாது. மாதாமாதம் வாடகை கொடுத்து ஏற்கப்பட்டிருப்பின், அது மாத வாடகையாகவே கொள்ளப்படும். மாத வாடகையை முழுமையான ஒரு மாத அறிவித்தலால் முடிவுறுத்தலாம். ஆறு ஆண்டு வாழ்ந்த வாழ்வு, வெறும் முப்பது நாள் உரிமையாகச் சுருங்கிவிடுகின்றது.

நொத்தாரிசு முன்னிலையில் எழுதிய குத்தகை உறுதி இருந்தாலும், அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுதல் போதாது. 1927 ஆம் ஆண்டின் 23 ஆம் இலக்க ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி, பதியப்படாத உறுதி, பெறுமதி கொடுத்து வாங்கிப் பின்னர் முறைப்படி பதியப்பட்ட உறுதிக்கு இடம்விட்டு ஒதுங்க நேரிடும். இரண்டு ஆண்டுக்கோ மூன்று ஆண்டுக்கோ குத்தகை எழுதுபவர் அதைத் திருகோணமலைக் காணிப் பதிவகத்தில் பதிந்து வைத்தால், வீட்டை வாங்க வருபவர் பதிவேட்டைப் பார்க்கும்போதே குத்தகை இருப்பதை அறிவார். அறிந்து வாங்குபவருக்கும் வருத்தமில்லை, இருப்பவருக்கும் அச்சமில்லை.

வாடகைச் சட்டம் இருக்கிறதே என்று சிலர் கேட்கக்கூடும். இலங்கையில் வாடகைக் கட்டுப்பாடு யுத்தகாலத்தில் பிறந்தது. 1942 ஏப்ரலில் கொழும்பிலும் திருகோணமலையிலும் யப்பானிய விமானங்கள் குண்டு வீசின. அந்த ஆண்டிலேயே வாடகைக் கட்டுப்பாடும் சட்டமாக வந்தது. அதன்பின் 1948 ஆம் ஆண்டின் சட்டமும், அதற்குப் பதிலாக 1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டமும் வந்தன. இந்தச் சட்டத்துக்குட்பட்ட வீட்டிலிருந்து, வாடகை நிலுவை முதலாகச் சட்டம் குறித்த காரணங்களின்றி ஒருவரை வெளியேற்ற இயலாது. குடியிருப்பவர் வந்து அமர்ந்தபின் வீட்டை விலைக்கு வாங்கியவர், "எனக்கு இருக்க வீடு வேண்டும்" என்ற காரணத்தைக் காட்டி வழக்கிடுவதையும் அச்சட்டம் தடுத்தது.

ஆயினும் அந்தச் சட்டத்தின் நிழல் எல்லா வீட்டின் மேலும் விழுவதில்லை. மாநகர, நகர, பட்டின சபைகளின் எல்லைக்குள் இருந்த இடங்களிலேயே அது முதலில் நடைமுறைக்கு வந்தது. ஏனைய ஊர்களுக்கு அமைச்சரின் கட்டளை வேண்டும். மேலும், 1980 ஆம் ஆண்டின் திருத்தத்தினால், அவ்வாண்டு சனவரி முதலாந் திகதிக்குப் பின்னர் கட்டி வாடகைக்கு விடப்பட்ட குடியிருப்பு வீடுகள் அதற்குப் புறம்பாயின. கிண்ணியாப் பகுதியில் 2004 டிசம்பர் 26 இன் ஆழிப்பேரலைக்குப் பின்னர் எழுந்த வீடுகள் அநேகம். அவற்றில் வாழ்பவர் வாடகைச் சட்டத்தை நம்பியிருப்பதில் பயனில்லை. அவருக்குக் காவலாயிருப்பது கையிலுள்ள கடதாசியே.

கடதாசி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்று மட்டும் உறுதி. குடியிருப்பவரைப் பலவந்தமாக எழுப்பும் உரிமை விற்றவருக்குமில்லை, வாங்கியவருக்குமில்லை. அறிவித்தல் முடிந்தபின்னும் ஒருவர் வெளியேறாவிட்டால், நீதிமன்றத்தை நாடுவதே வழி. சாமான்களை வெளியே எறிவதும், கதவுக்குப் புதுப்பூட்டுப் போடுவதும், மின்சாரத்தையும் தண்ணீரையும் நிறுத்துவதும் முறையல்ல. அமைதி குலையும் நிலை தோன்றினால், 1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்கச் சட்டத்தின் 66 ஆம் பிரிவின் கீழ் ஆரம்ப நீதிமன்றம் தலையிடலாம். பலவந்தமாக வெளியேற்றப்பட்டவர் இரண்டு மாதத்துக்குள் விடயம் நீதிமன்றத்துக்கு வரச்செய்தால், மீண்டும் அவரை வீட்டில் அமர்த்தும்படி கட்டளையிட நீதிமன்றத்துக்கு அதிகாரமுண்டு.

குடியிருப்பவருக்கும் கடமைகள் உண்டு. வீடு கைமாறியதை எழுத்தில் அறிவித்து, உறுதியின் பிரதியையும் காட்டினால், அன்றிலிருந்து வாடகை புதியவருக்கே உரியது. "உங்களை எனக்குத் தெரியாது" என்று கூறி வாடகையையும் நிறுத்திக்கொள்பவர், தம்மைக் காத்துநின்ற சட்டத்தையே கைநழுவ விடுகிறார். வாடகையைப் பற்றுச்சீட்டுடன் கொடுத்துவருதல் வேண்டும். முற்பணம் கொடுத்திருப்பின், அதை விற்பவர் திருப்பித் தருவாரா, வாங்குபவர் பொறுப்பேற்பாரா என்பதை விற்பனை முடியுமுன்னரே மூவரும் கூடி எழுதி ஒப்பமிடுதல் நன்று. விற்றவர் பணத்தைக் கட்டடத்தில் போட்டபின் முற்பணத்தைத் தேடி அலைவது இரு தரப்புக்கும் மனவருத்தமே தரும்.

சட்டத்தின் எல்லை இவ்வளவே. முப்பது நாள் அறிவித்தல் கொடுத்தவர் சட்டப்படி குற்றமற்றவர். ஆனால் முப்பது நாளில் ஒரு குடும்பம் எதையெல்லாம் பெயர்த்தெடுக்க வேண்டும் என்பதை எண்ணிப்பார்த்தல் தகும். பாய் தலையணையைப் பெயர்ப்பது எளிது. தவணை நடுவில் பிள்ளையின் படிப்பைப் பெயர்ப்பது எளிதன்று. முதலாந் தரத்தில் பிள்ளையைச் சேர்க்க விண்ணப்பிக்கும் பெற்றோர், பாடசாலைக்கு அண்மையில் வசிப்பதை ஆவணங்களால் நிறுவவேண்டியிருக்கிறது. வாக்காளர் இடாப்பும் வதிவிட உறுதியும் அப்போது தேவைப்படும். வீடு மாறினால் இவையனைத்தும் குலைந்துவிடுகின்றன.

வீட்டுக்கும் பாடசாலைக்குமிடையிலுள்ள தூரம் எத்தகைய பொருளுடையது என்பதை இலங்கையில் வேறெந்த ஊரையும்விட அறிந்த ஊர் குறிஞ்சாக்கேணி. பாலம் கட்டப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில், 2021 நவம்பர் 23 ஆம் நாள் காலை, களப்பைக் கடக்கப் பயன்பட்ட மிதவைப் பாதை கவிழ்ந்தது. பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகள் நீரில் மாண்டனர். அந்தத் துயரத்துக்கும் வாடகை வீட்டுக்கும் தொடர்பில்லை. எனினும், ஒரு குடும்பம் எந்தக் கரையில் வாழ்கிறது என்பது அதன் பிள்ளைகளுக்குச் சிறு விடயமன்று என்பதை அந்த ஊர் மறக்கமாட்டாது.

ஆதலின் விற்கப்போகும் சொந்தக்காரர் நினைவிற்கொள்ளத்தக்கவை சில உண்டு. தரகரிடம் சொல்லுமுன் குடியிருப்பவரிடம் சொல்லுக. யாழ்ப்பாணத்துத் தேசவழமையில், காணியை விற்பவர் முதலில் பங்காளி முதலிய சிலருக்கு அறிவிக்கவேண்டுமென்ற முன்கொள்வனவு உரிமையுண்டு. இஸ்லாமிய நெறியிலும் பங்காளிக்கு அத்தகைய முன்னுரிமை பேசப்படுகின்றது. வாடகைக்கு இருப்பவருக்கு அவ்வுரிமையைச் சட்டம் வழங்கவில்லை. ஆயினும் வீட்டின் ஒழுக்கையும் கிணற்றின் ஊற்றையும் அறிந்தவர் அவர்; இயலுமாயின் அவரே வாங்கக்கூடும். வாங்க இயலாதவராயின், வேறு வீடு தேடும் காலமேனும் அவருக்குக் கிடைக்கும். பிள்ளைகள் படிக்கும் வீடாயின், தவணை முடிவைக் கணக்கிட்டு விற்பனை நாளை வைத்துக்கொள்ளலாம். இரண்டொரு மாதப் பொறுமையினால் விலை குறைந்துவிடாது. பல ஆண்டு உறவு முறியாமலிருக்கும்.

குடியிருப்பவரும் அந்தத் தகப்பனாரின் அவசரத்தை உணர்ந்து நடத்தல் வேண்டும். வீட்டைப் பார்க்க வருபவருக்குக் கதவைத் திறந்து காட்டுதலும், ஒப்புக்கொண்ட நாளில் சாவியைக் கையளித்தலும் அவர் செய்யக்கூடிய பேருதவி. வழக்கைக் காட்டிப் பணம் பறிப்பது, திருமணத்தை எதிர்நோக்கியிருக்கும் ஒரு பெண்பிள்ளையின் கையிலிருந்து பறிப்பதற்கு ஒப்பாகும்.

பேசித் தீராவிட்டால், 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தினால் அமைக்கப்பட்ட மத்தியஸ்த சபைகள் இருக்கின்றன. ஊரறிந்த பெரியோர் முன்னிலையில், சட்டத்தரணிகளுக்குப் பணம் செலவிடாமல், இரு தரப்பும் அமர்ந்து பேசலாம். அங்கும் முடியாமல் வழக்கென்று வந்தால், வசதியற்றவர் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

அந்த ஆசிரியரிடமும் தகப்பனாரிடமும் மீண்டும் ஒருமுறை செல்வோம். முதல் நாளிலேயே நொத்தாரிசிடம் சென்று ஒரு குத்தகை உறுதி எழுதியிருந்தால், விற்பதாயின் எத்தனை மாத அறிவித்தல் என்பதையும் முற்பணம் என்னாகும் என்பதையும் அதில் இரண்டு வரியில் குறித்திருந்தால், அந்த மாலைத் தேநீர் இருவருக்கும் கசந்திராது. நல்லவர்களுக்குள் எழுத்து எதற்கு என்று எம்மவர் கேட்பதுண்டு. நல்லவர்கள் நல்லவர்களாகவே பிரிவதற்குத்தான் எழுத்து வேண்டியிருக்கிறது.